சிப்புக்குள்ளேயே இசிசி: நேண்ட் டிரைவர் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் கணபதி, பீளமேடு, சின்னவேடம்பட்டி பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கூடங்களில் போர்டு செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மில்லுக்கு டேட்டா லாகர், தோட்டத்து மோட்டாருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சாயப்பட்டறைக்கு கன்ட்ரோலர் என்று செய்கிற சாமான் வேறுவேறாக இருந்தாலும், பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான், அதற்குக் கீழே தரவைச் சேமித்து வைப்பது விலை குறைந்த எஸ்எல்சி நேண்ட் ஃபிளாஷ் சிப்தான், அதாவது ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் வகை. அதில் புரண்ட பிட்டைத் திருத்தும் ஏற்பாடுதான் இசிசி, சிப்பை லினக்ஸோடு பேச வைக்கும் நிரல்தான் டிரைவர். அதனால் எனக்கு வரும் கேள்விகளும் சுற்றிச்சுற்றி ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒரு விஷயம், இங்கே வரும் யூபிஐ பணம் அனுப்புகிற யூபிஐ இல்லை, லினக்ஸில் ஃபிளாஷ் மேல் உட்கார்ந்து பிளாக்குகளை, அதாவது ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதிகளை, நிர்வகிக்கும் அடுக்கு. எஸ்பிஐயும் பேங்க் இல்லை, நாலைந்து கம்பியில் ஓடும் பஸ்.

ஏனுங்ண்ணா, இசிசியை எதுக்குச் சிப்புக்குள்ளேயே வெச்சாங்க? முன்னாடி கன்ட்ரோலர்தானே பார்த்துச்சு?

நேண்ட் செல்லில் மின்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூடு, பலமுறை அழித்து எழுதிய தேய்மானம், பக்கத்துப் பேஜை (பிளாக்குக்குள் ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டு) ஓயாமல் படிப்பது, இவை எல்லாமே பிட்டைப் புரட்டிவிடும். இது பழுது இல்லை, நேண்டின் குணமே அப்படி. அதனால்தான் ஒவ்வொரு பேஜுக்கும், உதாரணத்துக்கு 2048 பைட் தரவுக்கு 64 பைட் என்று, ஓஓபி என்ற உபரி இடம் கொடுத்து, அதில் திருத்தக் குறியீட்டை வைக்கிறோம்.

பழைய எஸ்எல்சி சிப்களுக்கு 512 பைட்டுக்கு 1 பிட் திருத்தினால் போதும். 1950இல் ஹாமிங் எழுதிய குறியீடு அதைச் செய்துவிடும், 2 பிட் புரண்டால் கண்டுபிடித்தும் சொல்லும். செல் சிறுத்துக்கொண்டே வந்தபோது 4 பிட், 8 பிட் திருத்தம் தேவைப்பட்டது. அங்கே ஹாமிங் பற்றாது, பிசிஎச் என்ற குறியீடு வேண்டும். 1959இல் ஹோக்கங்கெம் தனியாகவும், 1960இல் நம் நாட்டு கணித அறிஞர் ஆர். சி. போஸும் ராய்-சௌத்ரியும் சேர்ந்தும் கண்டுபிடித்தது அது. 512 பைட்டில் 4 பிட் திருத்த 52 சோதனைப் பிட்டுகள், 8 பிட் திருத்த 104. சந்தையில் இருந்த பல ப்ராசஸர்களின் நேண்ட் கன்ட்ரோலருக்கு 1 பிட் ஹாமிங் மட்டும்தான் தெரியும். புது சிப்பைப் பழைய ப்ராசஸரோடு எப்படி விற்பது? திருத்தும் என்ஜினைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

சிப்பே திருத்திக் கொடுக்குதுன்னா டிரைவருக்கு என்னங்க வேலை? படிச்சுக் கொடுத்தாப் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃப்ரேம் பார்த்திருப்பீர்கள். இழை அறுந்தால் சைடர் ஓடி வந்து ஒட்டிவிடுவார், கோனில் வரும் நூலைப் பார்த்தால் எங்கே அறுந்தது என்றே தெரியாது. ஆனாலும் மேஸ்திரி எந்த ஃப்ரேமில், எந்த ஸ்பிண்டிலில், எத்தனை அறுப்பு என்று எழுதி வைக்கிறார். ஒரே ஸ்பிண்டில் திரும்பத் திரும்ப அறுந்தால் அங்கே டிராவலரோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், சைடரின் கை ஓய்வதற்கு முன்னால் அதை மாற்றியாக வேண்டும். சிப்புக்குள் இருக்கும் இசிசிதான் சைடர். டிரைவர் அந்த மேஸ்திரியின் நோட்டு. திருத்துவது உங்கள் வேலை இல்லைதான், ஆனால் எவ்வளவு திருத்த வேண்டி வந்தது என்று மேலே உண்மையாகச் சொல்வது முழுக்க உங்கள் வேலை.

லினக்ஸில் இது இப்படி நடக்கிறது. டிரைவரின் ரீட்-பேஜ் செயல்பாடு அந்த பேஜின் 512 பைட் துண்டுகளில் அதிகபட்சம் எத்தனை பிட் புரண்டது என்ற எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அது பிட்ஃப்ளிப் த்ரெஷோல்டு என்ற வரம்பைத் தொட்டால் லினக்ஸில் ஃபிளாஷைக் கையாளும் எம்டிடி அடுக்கு மேலே இயூக்ளீன் என்ற குறியைச் சொல்லும். அதைக் கேட்டதும் யூபிஐ அந்த பிளாக்கில் இருப்பதை வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்து மறுபடி புழக்கத்தில் விடும். வரம்பு தானாக இசிசி பலத்தில் முக்கால் பங்காக வைக்கப்படும், 4 பிட் சிப்புக்கு 3, 8 பிட் சிப்புக்கு 6. திருத்தவே முடியாமல் போனால் வருவது இபேட்எம்எஸ்ஜி என்ற பிழைக் குறி, அப்போது தரவு போயே போய்விட்டது. இயூக்ளீன் பிழை இல்லை, எச்சரிக்கை. நீங்கள் பூஜ்யத்தைத் திருப்பினால் அந்த எச்சரிக்கை என்றைக்குமே வராது.

பூஜ்யம் திருப்பினா நிஜமாவே என்ன ஆகும்? எங்க போர்டு ரெண்டு வருசமா நல்லாத்தானே ஓடுது.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு லாகர் செய்து கொடுத்தோம். டிரைவர் நான் எழுதியது. சிப் திருத்தினாலும் சரி, திருத்தாவிட்டாலும் சரி, திருத்த முடியவில்லை என்று சொல்லும் ஃபெயில் பிட் வராத வரைக்கும் பூஜ்யம் திருப்பினேன், தரவு சரியாகத்தானே வருகிறது என்ற நினைப்பில். ஒரு கோடை தாண்டியது, அடுத்த கோடையில் ரிங் ஃப்ரேம் கூடத்துச் சூட்டில் வரிசையாக மூன்று பெட்டிகள் எழுந்திருக்கவே இல்லை. லாக்கை எடுத்துப் பார்த்தால் முதல் வரியே திருத்த முடியாத பிழை, அதற்கு முன்னால் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஒரு பிட், இரண்டு, மூன்று, நான்கு என்று மாதக்கணக்கில் புரண்டிருக்கிறது, சிப் ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்திருக்கிறது, ஐந்தாவது பிட்டில் கைவிட்டுவிட்டது. ஒழுங்காகச் சொல்லியிருந்தால் மூன்றாவது பிட்டிலேயே யூபிஐ இடம் மாற்றியிருக்கும். அந்த ஷிஃப்ட் கணக்கெல்லாம் போனதில் மில்லில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்கு இன்னும் வெசனமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் ஓடுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுங்க. லினக்ஸின் சிஸ் (/sys) கோப்பகத்தில் உங்கள் எம்டிடி பகுதிக்குக் கீழே திருத்திய பிட்டுகளின் எண்ணிக்கை இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு வருடம் வெளியே ஓடிய பெட்டியில் அது சுத்தமாகப் பூஜ்யமாக இருந்தால் நான் சிப்பை மெச்ச மாட்டேன், டிரைவரைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

சரி, சிப்புக்குள்ள இருக்கற இசிசியை ஆன் பண்றது எப்படி?

மைக்ரான் கம்பெனியின் பேரலல் சிப்களில், அதாவது பல கம்பிகளில் ஒரே நேரத்தில் பேசும் வகையில், செட் ஃபீச்சர்ஸ் கட்டளை, அதாவது ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) இஎஃப், முகவரி ஹெக்ஸ் 90, முதல் பைட்டில் 08 எழுதினால் ஆன், 00 எழுதினால் ஆஃப். எழுதிவிட்டு நம்பிவிடாதீர்கள், கெட் ஃபீச்சர்ஸ், அதாவது ஹெக்ஸ் இஇ, போட்டுத் திரும்பப் படித்துச் சரிபாருங்கள். சில வகைகளில் பவர் வந்த உடனே ஆனாகவே இருக்கும். இன்னும் சிலவற்றில் ஆஃப் செய்யவே முடியாது. நீங்கள் ஆஃப் சொன்னாலும் கேட்காது. லினக்ஸில் மைக்ரானுக்கான கோடு இந்த மூன்று நிலையையும், அதாவது இல்லை, உண்டு, கட்டாயம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்களும் அப்படியே பிரியுங்கள். கட்டாய வகையை ‘உண்டு’ என்று நினைத்து கோடு எழுதினால், கச்சாவாக, அதாவது திருத்தாததை, படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு திருத்தியதையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) சொல்லும் டிவைஸ் ட்ரீ எழுதும்போது இசிசி என்ஜின் என்ற இடத்தில் அந்த நேண்ட் சிப்பையே சுட்டிக்காட்டினால், திருத்தம் சிப்புக்குள் நடக்கிறது என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். பழைய கெர்னலில் இசிசி மோடு ஆன்-டை என்று எழுதுவார்கள்.

பாதுகாப்புக்குப் பாதுகாப்பா சிப் இசிசியும் கன்ட்ரோலர் இசிசியும் ரெண்டையும் போட்டுட்டா?

வேண்டாம். இரண்டும் ஓஓபியில் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். மைக்ரானின் 4 பிட் வகையில் 64 பைட் ஓஓபியை 16, 16 ஆக நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பின்பாதி 8 பைட் சிப்பின் இசிசிக்குப் போய்விடுகிறது. உங்கள் கன்ட்ரோலர் அதே இடத்தில் தன் பைட்டுகளை எழுதப் பார்த்தால் சிப் அதன் மேல் தன்னுடையதை எழுதிவிடும், படிக்கும்போது கன்ட்ரோலர் நல்ல பேஜையே கெட்டது என்று சொல்லும். ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேட்டஸை எப்போ படிக்கணும்? பேஜ் முழுக்க ஒரே எண்ணா வருதுங்க.

அந்த எண் ஹெக்ஸில் ‘இ பூஜ்யம்’தானே? நூற்றுக்குத் தொண்ணூறு அதுவாகத்தான் இருக்கும். பேஜ் ரீட் கட்டளை கொடுத்து, சிப் ரெடி ஆனதும், ஹெக்ஸ் 70 போட்டு ஸ்டேட்டஸ் படிக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன கேட்டாலும் சிப் ஸ்டேட்டஸையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். மறுபடி 00 கட்டளை போட்டால்தான் தரவுக்குத் திரும்பும். ‘இ பூஜ்யம்’ என்பது ரெடி, எழுதத் தடை இல்லை, பிழை இல்லை என்று சொல்லும் ஸ்டேட்டஸ் பைட். அதைத்தான் 2048 முறை படித்து வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்த பைட்டின் அர்த்தம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் 4 பிட் வகைக்கும் 8 பிட் வகைக்கும் அர்த்தம் வேறு.

இரண்டிலும் பிட் 0 எழுந்திருந்தால் திருத்த முடியவில்லை. 8 பிட் வகையில் பிட் 4 மட்டும் இருந்தால் 1 முதல் 3 வரை திருத்தியது, பிட் 3 மட்டும் இருந்தால் 4 முதல் 6 வரை, இரண்டும் இருந்தால் 7 அல்லது 8. சரியான எண் கிடைக்காது, அதனால் ஒவ்வொரு வரம்பின் மேல் எண்ணையே, 3, 6, 8 என்று திருப்புங்கள். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது. குறைத்துச் சொல்வதைவிடக் கூட்டிச் சொல்வது மேல், கூட்டிச் சொன்னால் ஒரு பிளாக் கொஞ்சம் முன்னதாக இடம் மாறும், அவ்வளவுதான்.

4 பிட் வகையில் பிட் 3 ஒன்றுதான், அதன் அர்த்தம் ‘திரும்ப எழுதினால் நல்லது’. எத்தனை பிட் என்று சிப் சொல்லாது. அப்போது என்ன செய்வது? திருத்திய பேஜை ஓஓபியோடு முழுதாகப் படித்து வைத்துக்கொண்டு, இசிசியை ஆஃப் செய்து, அதே பேஜை மறுபடி கச்சாவாகப் படித்து, இரண்டையும் பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் எக்ஸார் போட்டு 512 பைட்டுக்கு ஒரு முறை வித்தியாசத்தை எண்ணிப் பார்த்து, அதில் பெரிய எண்ணைத் திருப்ப வேண்டும். இசிசி பைட்டுகளும் புரண்டிருக்கலாம், அதனால் ஓஓபியை விட்டுவிடாதீர்கள், மேலே கேட்டவர் ஓஓபி கேட்கவில்லை என்றாலும் படியுங்கள். பிட் 3 எழுந்தால் மட்டும்தான் இந்த இரண்டாவது வாசிப்பு, ஒவ்வொரு முறையும் இல்லை, அதனால் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஆஃப் செய்த இசிசி எந்த வழியில் வெளியேறினாலும் சரியான நிலைக்குத் திரும்புகிறதா? நடுவில் டைம்அவுட் வந்து சட்டென்று ரிட்டர்ன் ஆகிவிட்டால், அடுத்து எழுதும் பேஜ்கள் இசிசி இல்லாமலே எழுதப்படும், அது பின்னால் எப்போதோ வேறொரு பிழையாக வந்து நிற்கும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. லினக்ஸின் மைக்ரான் கோடு ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் ஆன் செய்து முடிந்ததும் ஆஃப் செய்கிறது. முந்தைய நிலை என்னவாக இருந்தது என்பதை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதால் அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

திருத்த முடியலைன்னா ரீட்-பேஜ்ல இருந்து இபேட்எம்எஸ்ஜி திருப்பிடலாமா?

கூடாது. பேரலல் நேண்ட் டிரைவரில் ஃபெயில்டு என்ற கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு பூஜ்யம் திருப்புங்கள். கணக்கு ஏறியிருப்பதைப் பார்த்து மேல் அடுக்கே இபேட்எம்எஸ்ஜி என்று சொல்லிக்கொள்ளும்.

எஸ்பிஐ நேண்டுக்கும் இதேதானா?

எண்ணம் அதேதான், கதவு வேறு. லினக்ஸில் 4.19 முதல் இதற்குத் தனி அடுக்கு இருக்கிறது. கான்ஃபிக் ரெஜிஸ்டர் ஹெக்ஸ் பி0, அதில் பிட் 4 இசிசியை ஆன் செய்கிறது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் ஹெக்ஸ் சி0, அதில் பிட் 5, 4 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 00 பிழை இல்லை, 01 திருத்தியது, 10 திருத்த முடியவில்லை.

சிக்கல் அந்த 01இல்தான். எத்தனை என்று தெரியாது. கம்பெனிக்கான தனிச் செயல்பாடு இல்லாவிட்டால், கெர்னல் முழு இசிசி பலத்தையும் புரண்ட எண்ணிக்கையாகத் திருப்பிவிடும். அதனால் ஒரே ஒரு பிட் புரண்டாலும் யூபிஐ உடனே பிளாக்கை மாற்ற ஓடும், லாக்கில் ஸ்க்ரப் ஸ்க்ரப் என்று வந்துகொண்டே இருக்கும், சிப் தேய்வதும் கூடும். இதைப் பார்த்துவிட்டு ‘தொந்தரவா இருக்கு, ஒண்ணுன்னு திருப்பிட்டேன்’ என்று போன மாதம்கூட ஒரு தம்பி சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது நோட்டில் அறுப்பையே எழுதாமல் விடுவது மாதிரி. பல சிப்களில் சரியான எண்ணைச் சொல்லும் கூடுதல் ரெஜிஸ்டர் உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். டேட்டாஷீட்டில் தேடி எடுத்து, அந்தச் சிப்புக்கு ஸ்டேட்டஸ் படிக்கும் செயல்பாட்டை எழுதிச் சேருங்கள். அரை நாள் வேலை.

ஓஓபியில எங்க சீரியல் நம்பர் வெச்சிருக்கோம், பரவாயில்லீங்களா?

வேண்டாங்க. உள் இசிசி ஆன் ஆனதும் ஓஓபியில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இல்லை, மீதியிலும் சில பைட்டுகளுக்குத் திருத்தப் பாதுகாப்பே கிடையாது, எவை என்று டேட்டாஷீட் பட்டியலில் இருக்கும். முதல் பைட்டுகள் கெட்ட பிளாக் குறிக்கு. அதைத் தொடவே கூடாது. சீரியல் நம்பரை யூபிஐ வால்யூமில் வையுங்கள்.

கெர்னல்ல எல்லாம் சரி, ஆனா போர்டு பூட்டே ஆகலை.

ப்ராசஸருக்குள் எரிக்கப்பட்ட, பவர் வந்ததும் முதலில் ஓடும் பூட் ரோமுக்கு (ROM) உங்கள் டிரைவர் தெரியாது. அது லினக்ஸை ஏற்றும் முதல் லோடரைத் தனக்குத் தெரிந்த இசிசி அமைப்பில்தான் எதிர்பார்க்கும். நீங்கள் அந்தப் பகுதியையும் சிப் இசிசியோடு எழுதியிருந்தால் ஓஓபியில் இருப்பது ரோமுக்குப் புரியாத பைட்டுகள், அது பேஜை நிராகரித்துவிடும். ப்ராசஸர் கையேட்டில் பூட் ரோம் எந்த இசிசியைக் கேட்கிறது, உள் இசிசி உள்ள சிப்பை ஏற்கிறதா என்று, சிப்பை வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள். ஆயிரம் சிப் வந்து இறங்கின பிறகு பார்த்தால், லோடரை வைக்க மட்டும் தனியாக நார் என்ற வேறு வகை ஃபிளாஷ் ஒன்றைச் சின்னதாக ஒட்ட வேண்டி வரும்.

நல்ல போர்டுல இருந்து டம்ப் எடுத்து புரோகிராமர்ல போட்டு நூறு சிப் அடிச்சோம். பாதி ஓடுது, பாதி கொஞ்ச நாள்ல சாகுது.

இது நம் ஊரில் மிகவும் சகஜம். இரண்டு தப்பு சேர்ந்து நடக்கிறது.

ஒன்று, கெட்ட பிளாக்குகள் சிப்புக்குச் சிப் மாறும், நேராக நகல் எடுத்தால் கெட்ட பிளாக் மேலேயே எழுதுவீர்கள். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. டம்ப்பில், அதாவது சிப்பின் முழு நகலில், காலியான பேஜ்கள் எல்லாமே எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1) என்று இருக்கும். சிப்பில் எழுதும் கருவியான புரோகிராமர் இசிசி ஆன் நிலையில் அதையும் ஒரு பேஜாக எழுதிவிட்டால், பார்வைக்கு அது அழித்த பேஜ் மாதிரியே தெரியும், ஆனால் சிப்பின் கணக்கில் ஒரு முறை எழுதியாகிவிட்டது, ஓஓபியில் அதற்கான இசிசி பைட்டுகளும் உட்கார்ந்திருக்கலாம். யூபிஐ மேல் ஓடும் ஃபைல்சிஸ்டமான யூபிஐஎஃப்எஸ் அதைக் காலி என்று நினைத்து மேலே எழுதும். பழைய இசிசி பைட்டுகளின் மேல் புது இசிசி விழுந்து இரண்டும் கலங்கும், நேண்டில் 1ஐ 0 ஆக்கத்தான் முடியும், 0வை 1 ஆக்க பிளாக்கையே அழிக்க வேண்டுமே. அதனால் பிளாக்கின் கடைசியில் வரும் எஃப்எஃப் பேஜ்களை எழுதாமல் விடும்படி புரோகிராமரில் அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். டம்ப்புக்குப் பதிலாக யூபிஐ இமேஜையே கொடுங்கள், போர்டிலேயே எழுத முடிந்தால் யூபிஐஃபார்மேட் கொண்டு எழுதுங்கள்.

டிரைவர் சரியா எண்ணுதான்னு எப்படிச் சோதிக்கிறது? பிட் தானா புரளும்வரைக்கும் காத்திருக்க முடியுமா?

காத்திருக்க வேண்டாம், நாமே புரட்டலாம். எம்டிடி-யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பில் நேண்ட்-ஃப்ளிப்-பிட்ஸ் இருக்கிறது, நேண்ட்-பிட்-எர்ஸ் இருக்கிறது. வழி இதுதான்: ஒரு பேஜை இசிசியோடு எழுதி, கச்சாவாகப் படித்து, ஒரு பிட்டைப் புரட்டி, இசிசியை ஆஃப் செய்து கச்சாவாகத் திரும்ப எழுதி, பிறகு சாதாரணமாகப் படித்துப் பார்ப்பது. ஒரு பிட்டில் தொடங்கி, அதே 512 பைட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 4 பிட் சிப்பில் 3 வந்ததும் இயூக்ளீன் வர வேண்டும், 4 வரை தரவு சரியாக வர வேண்டும், 5இல் இபேட்எம்எஸ்ஜி வர வேண்டும். இந்த மூன்றில் எது தப்பினாலும் போர்டை வெளியே அனுப்பாதீர்கள். இசிசியை ஆஃப் செய்ய முடியாத சிப்பில் இந்தச் சோதனை நடக்காது, அங்கே பழைய, நன்றாகத் தேய்ந்த சிப் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழி. நான் ரிப்பேருக்கு வந்த போர்டிலிருந்து கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், பிட் புரளும் சிப் சோதனைக்குப் பொக்கிஷம்.

வேகம் குறையுமா?

குறையும். 1 ஜிகாபிட் அளவு சிப்பில் ஒரு பேஜைச் செல்லிலிருந்து எடுக்க இசிசி இல்லாமல் 25 மைக்ரோசெகண்ட், இசிசியோடு 70 வரை போகும். டிரைவரில் காத்திருக்கும் நேரத்தை 25க்கே எழுதி வைத்திருந்தால் பாதி வெந்த தரவைப் படிப்பீர்கள், அதைப் பாருங்கள். லாகருக்கும் மோட்டார் பெட்டிக்கும் இந்த வேகம் தாராளம்.

கரண்ட் அடிக்கடி போற தோட்டத்துல இசிசி காப்பாத்துமா?

இல்லை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் இறங்கி, எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் சிப் நின்றுவிட்டால் அந்த பேஜில் புரள்வது ஒன்றிரண்டு பிட் இல்லை. அரைகுறையாக எழுதிய செல் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறு ஒன்று என்று படிக்கும். அதற்கு மருந்து பவர் பக்கம்: வோல்ட் இறங்குவதை முன்கூட்டியே சொல்லும் சர்க்யூட், எழுதி முடிக்கும் வரைக்கும் தாங்குகிற கெப்பாசிட்டர், சப்ளை குறைந்ததும் ரைட்-புரொடெக்ட் காலைக் கீழே இழுப்பது.

எல்லாம் சரியா எழுதியாச்சு. இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா?

படிக்காத பேஜைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பிட் புரண்டது தெரிய வேண்டுமென்றால் யாராவது படித்தாக வேண்டும். மில் பெட்டியில் லாக் பகுதி தினமும் எழுதிப் படிக்கப்படும், ஆனால் ரூட் ஃபைல்சிஸ்டத்தில் பாதிக் கோப்புகள், அவசரத்துக்கு என்று வைத்த இரண்டாவது கெர்னல் எல்லாம் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். முதல் கெர்னல் போன அன்றைக்கு இரண்டாவதைத் தேடினால் அது அதற்கு முன்னமே போயிருக்கும். அதனால் வாரம் ஒரு முறை, ஷிஃப்ட் மாறுகிற நேரத்திலோ ராத்திரியிலோ, எல்லா யூபிஐ வால்யூமையும் ஆரம்பம் முதல் கடைசி வரை டிடி கட்டளை போட்டுப் படித்து நல்-க்குத் தள்ளும் (படித்ததை எறிந்துவிடும்), குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் வேலை போட்டுவிடுங்கள். படித்தால் போதும், வரம்பைத் தொட்ட பிளாக்கை யூபிஐ தானே மாற்றிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் திருத்திய பிட்டுகளின் எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் தேதியோடு எழுதி வையுங்கள், சர்வீஸுக்குப் போகிறவர் கையோடு அதை எடுத்து வந்தால் அடுத்த கோடைக்கு முன்னால் எந்தப் பெட்டியின் சிப்பை மாற்ற வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.